கடலூர் மாநகராட்சி ஏழைகளுக்கு வீடு கட்ட எங்கிருந்து பணம் எடுக்கிறது?

செம்மண்டலத்திலிருந்து எழுதியிருக்கும் நண்பரின் கேள்வி இது: "கடலூர் மாநகராட்சி ஆன பிறகு என் சொத்து வரி ஏறிவிட்டது. இந்த வரியில் ஏழைகளுக்கு வீடு கட்டித் தருகிறார்களா? அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில் இருக்கும் என் மைத்துனர், அங்கே சொத்து வரியோடு வீட்டுவசதிக்கென்று தனியாக ஒரு வரி கட்டுவதாகச் சொல்கிறார். இங்கே ஏன் அப்படி இல்லை?" பார்க்க ஒரே கேள்வி போலத் தெரிந்தாலும் இதில் இரண்டு இருக்கின்றன. நான் கட்டும் வரி அந்த வீடுகளுக்குப் போகிறதா என்பது ஒன்று. போகவில்லை என்றால் போக வைக்க வழி உண்டா என்பது இன்னொன்று. முதலாவதற்கு உறுதியான பதில் உண்டு. இரண்டாவதற்கு என் கருத்தைத்தான் சொல்ல முடியும்.

நான் நகராட்சிக் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ரசீது, செலவுச் சீட்டு, மானியக் கணக்கு, தணிக்கைத் தடை, இவற்றோடுதான் என் பணிக்காலம் போனது. அதனால் பணம் எங்கே வருகிறது, எங்கே போகிறது என்பதைச் சொல்ல முடியும். கட்டிடத்தின் தரம், கம்பி கனம், சிமெண்ட் கலவை பற்றியெல்லாம் பொறியாளர்கள் சொன்னால்தான் சரியாக இருக்கும். அதற்குள் நான் போகவில்லை.

முதல் கேள்விக்கு வருகிறேன். உங்கள் சொத்து வரியிலிருந்து ஏழைகளின் வீட்டுக்கு நேரடியாக ஒரு ரூபாய்கூடப் போவதில்லை. தமிழ்நாட்டு மாநகராட்சி, நகராட்சிகளின் வரவுசெலவுத் திட்டத்தை எடுத்துப் பார்த்தால் மூன்று நிதிகள் இருக்கும்: வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் வடிகால் நிதி, தொடக்கக் கல்வி நிதி. வீட்டுவசதிக்கென்று நான்காவதாக ஒரு நிதி கிடையாது. உங்கள் வரியின் பெரும்பகுதி முதல் நிதியில் சேர்ந்து துப்புரவுப் பணி, தெருவிளக்கு மின்கட்டணம், சம்பளம், ஓய்வூதியம், சாலை, பழைய கடனுக்கான தவணை என்று கரைந்துவிடுகிறது. நூலக வரி என்று ஒன்றையும் கட்டுகிறீர்கள், சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு. அது மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போக வேண்டிய பணம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வரி ஏன் ஏறியது என்பதையும் சொல்லிவிடுகிறேன், மாநகராட்சி ஆனதுதான் காரணம் என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கடலூர் மாநகராட்சி ஆனது 2021இல். 2022 ஏப்ரலில் தமிழ்நாடு முழுக்க, நகராட்சி, பேரூராட்சி உட்பட எல்லா ஊரிலும் வரி ஏறியது. சென்னைக்கு வெளியே குடியிருப்புகளுக்குப் பரப்பளவைப் பொறுத்து 25 சதவீதத்திலிருந்து 100 சதவீதம் வரை. வரிப்பணத்தை மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் பிரித்துத் தரப் பரிந்துரைக்கும் 15ஆவது நிதிக்குழுவின் மானியம் வேண்டும் என்றால் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதம் அறிவிக்க வேண்டும், மாநிலத்தின் பொருளாதாரம் வளரும் வேகத்தில் வரி வசூலும் வளர வேண்டும் என்று ஒன்றிய அரசு நிபந்தனை போட்டிருந்தது. அந்த ஏற்றத்தை விளக்கும்போது அரசும் இதைத்தான் எடுத்துச் சொன்னது.

அப்படி வரும் நிதிக்குழு மானியத்தையாவது வீட்டுக்குத் திருப்ப முடியுமா? கடலூர் அளவிலான ஊருக்கு 2021-26 காலத்தில் அந்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டிப்போட்டு வந்தது. மீதி 40 சதவீதத்துக்கு அந்தக் கட்டு இருக்கவில்லை. ஆனால் கட்டு இல்லாத பணம் வந்தாலும் சாலை, மழைநீர் வடிகால், விளக்கு என்று வரிசையில் நிற்கும் வேலைகளே அதைத் தின்றுவிடும். அப்புறம் மாநில நிதிக்குழு பகிர்வு. மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு என்று பிரித்து, அதில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பங்கு வரும். அந்தப் பங்கும் முழுசாக வந்து சேராது. குடிநீர்க் கட்டணம், கடன் தவணை, ஓய்வூதியப் பங்களிப்பு என்று சென்னையிலேயே பிடித்தம் செய்துவிட்டு மிச்சத்தை அனுப்புவார்கள். மாதம் பிறந்து பகிர்வு வந்தால்தான் சம்பளம் என்ற நிலையில் ஓடும் ஊர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தக் கணக்கிலிருந்து வீடு கட்டப் பணம் எடுப்பது நடக்கிற காரியமில்லை.

சரி, மாநகராட்சி பணம் போடவில்லை என்றால் "மாநகராட்சி மூலம் வீடு" என்று எல்லாரும் சொல்வது எதை? பெரும்பாலும் பிரதம மந்திரி ஆவாஸ் யோஜனா நகர்ப்புறத் திட்டத்தை. 2015 ஜூனில் தொடங்கிய திட்டம். சொந்த மனையில் குடிசையோ ஓட்டு வீடோ வைத்திருப்பவர் தானே கான்கிரீட் வீடு கட்டிக்கொள்ள, ஒன்றிய அரசு 1.5 லட்சமும் தமிழ்நாடு அரசு 60,000 ரூபாயும், ஆக 2.10 லட்சம் மானியம் கொடுத்தன. 2024 செப்டம்பரில் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் ஒன்றியப் பங்கு அதே 1.5 லட்சம், மாநிலப் பங்கு குறைந்தது 1 லட்சம். ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், குடும்பத்தில் யார் பெயரிலும் நாட்டில் எங்கும் பக்கா வீடு இருக்கக் கூடாது. இதில் மாநகராட்சியின் வேலை மனு வாங்குவது, சரிபார்ப்பது, பட்டியல் அனுப்புவது. பணத்தை நடத்துவது தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம், அதாவது 1970இல் தொடங்கி 2021 வரை குடிசை மாற்று வாரியம் என்று நாம் சொல்லிக்கொண்டிருந்த அதே வாரியம்.

இந்தத் தொகை ஒரு வீட்டில் எப்படி இறங்குகிறது என்று கிட்டே போய்ப் பார்க்க வேண்டும், அப்போதுதான் "நிதி" என்பதன் உண்மையான கணக்கு புரியும். வண்ணாரப்பாளையத்தில் மீன் விற்கும் ஒரு அக்காவை எடுத்துக்கொள்வோம். முக்கால் சென்ட் மனை, பட்டா இருக்கிறது. வீடு கட்டத் தொடங்கலாம் என்ற வேலை உத்தரவு வந்ததும் குடிசையைப் பிரித்துவிட்டுப் பக்கத்துத் தெருவில் வாடகைக்குப் போனார். இங்கே வாடகை, அங்கே கடக்கால். முதல் தவணை எப்போது வரும்? பேஸ்மட்டம் முடித்து, அதன் முன்னால் அவரை நிறுத்திப் படம் எடுத்து, இடத்தின் அடையாளத்தோடு கைப்பேசிச் செயலியில் ஏற்றி, அது மேலே போய் ஒப்புதல் வாங்கிய பிறகு. ஆகவே முதல் தவணை வருவதற்கு முன்பே பேஸ்மட்டத்துக்கான செங்கல், மணல், கூலி எல்லாம் அவர் கையிலிருந்து போயாக வேண்டும். கழுத்தில் இருந்ததைக் கூட்டுறவு வங்கியில் வைத்தார். அடுத்தது லிண்டல், அப்புறம் கூரை கான்கிரீட், கடைசியில் பூச்சு, கதவு, கழிப்பறை. ஒவ்வொரு நிலையிலும் இதே கதை, வேலையை முடித்துவிட்டுப் பணத்துக்குக் காத்திருக்க வேண்டும். "சார், லிண்டல் போட்டு மாசம் ரெண்டாச்சு, இன்னும் பணம் ஏறலையே" என்று அலுவலக வாசலில் வந்து நிற்பவர்களுக்கு நான் சொல்ல முடிந்த பதில் பல நேரம் "மேலேருந்து வரலைம்மா" என்பதுதான். அது உண்மை. ஆனால் கந்துவட்டிக்காரருக்கு அந்தப் பதில் செல்லாது.

இப்போது கூட்டிப் பாருங்கள். 300 சதுர அடி வீடு, சதுர அடிக்கு 2000 ரூபாய் என்று குறைத்துப் போட்டாலே 6 லட்சம். அரசு இரண்டும் சேர்ந்து கொடுப்பது அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், பாதிக்குக் கீழ். மீதியை நகைக் கடன், மகளிர் குழுக் கடன், உறவுக்காரர் கைமாற்று, தண்டல் என்று அந்தக் குடும்பம்தான் புரட்டுகிறது. ஒன்றியம், மாநிலம், பயனாளி என்ற மூன்று பைகளில் பெரிய பை பயனாளியுடையது. அரசு விளம்பரப் பலகையில் அந்தப் பங்கு எழுதப்படுவதே இல்லை. என்னைக் கேட்டால் இந்தத் திட்டத்தில் முதலில் திருத்த வேண்டியது தொகையைக்கூட இல்லை, தவணை வரும் முறையை. பேஸ்மட்டத்துக்கு முன்பே ஒரு பகுதியைக் கொடுத்தால் அந்த வட்டி மிச்சமாகும். முன்பணம் வாங்கிவிட்டுக் கட்டாமல் போய்விடுவார்கள் என்ற பயம் அலுவலகங்களுக்கு உண்டு. அந்தப் பயத்துக்கு ஆதாரமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் குடிசையைப் பிரித்துப் போட்டுவிட்டு நிற்கும் குடும்பம் வீட்டைக் கட்டாமல் எங்கே போகும்?

இன்னொன்றும் கவனியுங்கள். வீடு முடிந்ததும் மாநகராட்சிக்கு அந்தக் குடும்பத்திலிருந்து பணம் வர ஆரம்பிக்கிறது. கான்கிரீட் வீட்டுக்குப் புதிய வரிவிதிப்பு, குடிநீர் இணைப்புக்கு வைப்புத்தொகை, பாதாளச் சாக்கடை இருக்கும் தெரு என்றால் அதற்கும் வைப்புத்தொகை, அப்புறம் மாதக் கட்டணம். கையில் ஒன்றும் இல்லாமல் கடனோடு குடிபுகும் நேரத்தில் இத்தனையும் வருகிறது. மாநகராட்சி மன்றம் தன் கையால் செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டென்றால் அது இந்த இடத்தில்தான். பயனாளி வீடுகளுக்கு வைப்புத்தொகையைத் தவணையாக வாங்கலாம், அல்லது குறைத்துத் தரும்படி தீர்மானம் போட்டு அரசிடம் அனுமதி கேட்கலாம். பெரிய தொகை இல்லை. ஆனால் இதை யாரும் "வீட்டுவசதி நிதி" என்று பார்ப்பதில்லை, அதனால் கேட்பதும் இல்லை.

மனை இல்லாதவர்கள் கதை வேறு. கெடிலம் கரையிலும், தென்பெண்ணை ஓரத்திலும், வாய்க்கால் விளிம்புகளிலும் இருப்பவர்களுக்கு மேலே சொன்ன மானியம் எட்டாது. நீர்நிலைப் புறம்போக்கில் பட்டா கொடுக்க முடியாது, நீதிமன்றமும் அதில் இறுக்கமாக இருக்கிறது. பட்டா இல்லை என்றால் சொந்த மனைத் திட்டம் இல்லை. வெள்ளம் வரும்போது முதலில் மூழ்குவதும் இவர்கள்தான். 2015 நவம்பரில் பார்த்தோம், 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணை பெருகியபோதும் பார்த்தோம். இவர்களுக்கு இருக்கும் ஒரே வழி வாரியம் கட்டும் அடுக்குமாடிக் குடியிருப்பு. அதில் ஒரு வீட்டுக்கு ஆகும் செலவு 10 லட்சத்தை ஒட்டியோ தாண்டியோ போகும். ஒன்றியம் 1.5 லட்சம் கொடுக்கிறது, பயனாளி ஒரு பங்கு கட்ட வேண்டும், மீதிப் பெருந்தொகை மாநில அரசுடையது. நிலமும் அரசு நிலம்தான். பயனாளி பங்கைக் கட்ட வங்கிக் கடன் ஏற்பாடு செய்வதாகச் சொல்வார்கள். சம்பளச் சீட்டு இல்லாத கூலித் தொழிலாளிக்கு வங்கி எவ்வளவு தயங்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

இங்கேதான் ஒரு நகர அரசு உண்மையில் என்ன கொடுக்க முடியும் என்ற கேள்வி வருகிறது. என் பதில்: நிலம். மஞ்சக்குப்பம், புதுப்பாளையம், திருப்பாதிரிப்புலியூர் பக்கம் ஒரு சென்ட் நிலத்தின் விலை வீட்டின் கட்டுமானச் செலவையே மிஞ்சும். ஊருக்குள் இருக்கும் அரசு நிலத்தில் 50 வீடு கட்ட இடம் கொடுத்தால், அந்த நிலத்தின் மதிப்பு எந்த மானியத்தையும்விடப் பெரியது. ஊருக்குள் இடம் கிடைக்காமல் ஆறேழு கிலோமீட்டர் தள்ளிக் கட்டினால் வேலைக்குப் போக, பிள்ளைகள் பள்ளிக்குப் போக என்று தினம் ஆகும் பஸ் செலவைப் பயனாளி வாழ்நாள் முழுக்கக் கட்டுகிறார். சென்னையில் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் நடந்தது இதுதான்.

நிதி இருந்தும் நிலம் இடித்ததற்குக் கடலூரிலேயே பெரிய உதாரணம் சுனாமிக்குப் பிந்தைய வீடுகள். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு இங்கே பணத்துக்குப் பஞ்சம் இல்லை. உலக வங்கிக் கடன் வந்தது, உலகம் முழுவதிலிருந்தும் தொண்டு நிறுவனங்கள் வந்தன. 2005 மார்ச்சில் அரசு போட்ட ஆணையின்படி நிலம் அரசு தரும், வீட்டைத் தொண்டு நிறுவனம் கட்டித் தரும். தேவனாம்பட்டினம், சோனங்குப்பம், சிங்காரத்தோப்பு, தாழங்குடா என்று கடலோரக் கிராமங்களில் எல்லாம் அப்போது ஒரே பேச்சு: புது வீடு எங்கே? வீடு கொடுப்பது யார் என்று யாரும் கேட்கவில்லை. கடலிலிருந்து தள்ளிப் போனால் படகையும் வலையையும் யார் பார்ப்பது என்பதுதான் மீனவர்களின் கவலை. பணம் தயாராக நிற்க, இடம் பார்ப்பதில் நாள் போனது. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் அடித்த பிறகும் ஒரு பெரிய நிதி வந்தது. குடிசைகளுக்குப் பதில் 1 லட்சம் கான்கிரீட் வீடுகள், வீட்டுக்கு 1 லட்சம் ரூபாய் என்று மாநில அரசு அறிவித்தது. கடலூர் மாவட்டத்தில் இன்று நிற்கும் ஏழைகளின் கான்கிரீட் வீடுகளில் கணிசமானவை பேரிடர் நிதியில் வந்தவை. வழக்கமான வரவுசெலவில் வந்ததைவிட அது அதிகமாக இருக்கும் என்பது என் கணிப்பு, எண்ணிப் பார்த்துச் சொல்லவில்லை. ஒரு ஊரின் வீட்டுவசதி புயலுக்காகக் காத்திருப்பது எனக்கு மனக்கஷ்டமான விஷயம்.

மாநகராட்சி எல்லை என்பதே நிதியை மாற்றிவிடும் என்பதும் பலருக்குத் தெரியாது. எல்லைக்கு வெளியே, ஊராட்சியில் குடிசை வைத்திருப்பவருக்குக் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 3.5 லட்சம் உண்டு, 2024இல் தொடங்கியது, 360 சதுர அடி வீடு. அதே மாதிரி குடிசை மாநகராட்சி எல்லைக்குள் இருந்தால் நான் முன்பு சொன்ன நகர்ப்புறத் தொகைதான். செங்கல் விலை இரண்டு பக்கமும் ஒன்றுதான், கொத்தனார் கூலியும் ஒன்றுதான். பக்கத்து ஊராட்சிகளை மாநகராட்சியோடு இணைக்கும் பேச்சு வரும்போது மக்கள் வரி ஏறும், நூறு நாள் வேலை போய்விடும் என்று எதிர்க்கிறார்கள். வீட்டு மானியம் குறையும் என்பதையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.

சில வாசகர்கள் புதுச்சேரியை ஒப்பிட்டுக் கேட்பார்கள், 25 கிலோமீட்டர்கூட இல்லை, அங்கே மட்டும் எப்படி என்று. அங்கே நகராட்சியின் கை இன்னும் சின்னது. உள்ளாட்சித் தேர்தல் 38 ஆண்டுகள் கழித்து 2006இல் ஒருமுறை நடந்தது. அந்த மன்றங்களின் காலம் 2011இல் முடிந்த பிறகு தேர்தல் நடக்கவில்லை, புதுச்சேரி, உழவர்கரை இரண்டு நகராட்சிகளையும் அதிகாரிகள்தான் நடத்துகிறார்கள். வீட்டுவசதி முழுக்க யூனியன் பிரதேச அரசின் கையில், அங்குள்ள குடிசை மாற்று வாரியம் போன்ற துறைகள் வழியாக நடக்கிறது. கல்வீடு கட்டும் திட்டம் என்று ஜனங்கள் சொல்லும் பெருந்தலைவர் காமராஜர் நூற்றாண்டுத் திட்டம் அவர்களுடைய சொந்த ஏற்பாடு. ஒன்றியத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் புதுச்சேரிக்கு ஒன்றிய அரசின் பங்கு 2.25 லட்சம், அவர்கள் போட வேண்டியது குறைந்தது 25,000தான். தமிழ்நாட்டுக்கு 1.5 லட்சம் என்பதோடு ஒப்பிட்டால் அது பெரிய சலுகை. ஆனால் ஒன்றிய நிதிக்குழுவின் வரம்புக்குள் புதுச்சேரி வராததால் வரிப் பகிர்வில் உரிமையாகக் கிடைக்கும் பங்கு இல்லை, ஆண்டுதோறும் உள்துறை தரும் மானியத்தைப் பார்த்து நிற்க வேண்டும். குமரகுரு பள்ளத்தில் எழும்பிய அடுக்குமாடிகளுக்கு ஸ்மார்ட் சிட்டி நிதியைப் பயன்படுத்தினார்கள். ஊருக்கு நடுவில், இருந்தவர்களுக்கே இருந்த இடத்திலேயே கட்டியது என்பதால் அதை நல்ல முன்மாதிரி என்று நினைக்கிறேன். கடலூருக்கு ஸ்மார்ட் சிட்டி நிதி வரவில்லை.

கட்டுமான நிறுவனங்களிடமிருந்து வாங்கலாமே என்று கேட்பீர்கள். சட்டத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டின் 2019 ஒருங்கிணைந்த கட்டிட விதிகளின்படி 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனைப்பிரிவு போட்டால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தை நலிந்த பிரிவினருக்கான மனைகளாக ஒதுக்க வேண்டும். பெரிய கட்டிடங்களுக்கு உறைவிடக் கட்டணம் என்று ஒன்றும் உண்டு. அந்தப் பணம் மாநில அளவிலான நிதிக்குப் போகிறது. மனைப்பிரிவு வரைபடத்தில் அந்த 10 சதவீதம் வேறு நிறத்தில் அழகாகக் காட்டியிருக்கும். பத்திரப் பதிவுக்குப் பிறகு அந்த மனை உண்மையிலேயே ஏழைக் குடும்பத்தின் கையில் இருக்கிறதா என்று தொடர்ந்து பார்க்கும் பதிவேட்டை நான் எந்த அலுவலகத்திலும் கண்டதில்லை. இங்கே விதி இருப்பது உறுதி, பலன் சந்தேகம்.

இப்போது உங்கள் மைத்துனரின் ஊர். சியாட்டிலில் 1986 முதலே வீட்டுவசதிக்கென்று தனி வரியை மக்கள் வாக்களித்து ஏற்றுவருகிறார்கள். 2023 நவம்பரில் ஏற்றது 7 ஆண்டுகளுக்கு 97 கோடி டாலர். அங்கேயும் அந்தப் பணம் மட்டும் வீட்டைக் கட்டிவிடுவதில்லை. மத்திய அரசின் வரிச்சலுகை முதலீடு, மாநில நிதி, வங்கிக் கடன், இவற்றோடு சேர்த்துத்தான் ஒரு கட்டிடம் எழும்புகிறது. நகரத்தின் பணம் முதலில் இறங்கினால் மற்றவை பின்னால் வரும் என்பது அங்குள்ள ஏற்பாடு. நமக்கும் அவர்களுக்கும் பெரிய வித்தியாசம், அங்கே நகரம் தானே ஒரு வரியை முன்மொழிந்து மக்களிடம் கேட்க முடியும். நம் மாநகராட்சியின் வரிகள் மாநிலச் சட்டம் வகுத்த எல்லைக்குள்தான் நிற்க வேண்டும், 45 வார்டு உறுப்பினர்களும் ஒருமனதாகக் கை தூக்கினாலும் புதிதாக ஒரு வரியைப் போட முடியாது. 74ஆவது சட்டத்திருத்தம் கொண்டுவந்த 12ஆவது அட்டவணையில் குடிசைப் பகுதி மேம்பாடும் நகர்ப்புற வறுமை ஒழிப்பும் உள்ளாட்சிக்கு ஒப்படைக்கக்கூடிய பணிகளாக இருக்கின்றன. பணிகளைச் சொன்ன அந்தச் சட்டம் அதற்கான பணத்தை மாநிலத்தின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது.

நூலக வரியை நினைவில் வைக்கச் சொன்னேன். ஒரு குறிப்பிட்ட காரியத்துக்கென்று சொத்து வரியோடு சேர்த்து வசூலிப்பது நமக்குப் புதிதில்லை. 1948 சட்டத்திலிருந்தே நடக்கிறது. ஆகவே மாநில அரசு நினைத்தால் ரூபாய்க்கு 5 காசு வீட்டுவசதி வரி என்று சட்டத்திருத்தம் கொண்டுவரலாம், வசூலிக்கும் எந்திரம் தயாராக இருக்கிறது. எனக்குள்ள தயக்கம் இதுதான்: வசூலித்த நூலக வரியையே நூலகங்களுக்குக் கொடுக்காமல் ஆண்டுக்கணக்கில் நிலுவை வைத்த உள்ளாட்சிகள் பல. 2005இல் வந்த ஜவஹர்லால் நேரு நகர்ப்புறப் புதுப்பிப்புத் திட்டத்தின்போதும் நகர ஏழைகளுக்கென்று பட்ஜெட்டில் ஒரு பங்கை ஒதுக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. பல ஊர்களில் குடிசைப் பகுதியில் ஏற்கெனவே போட்டிருந்த தெருவிளக்கையும் வடிகாலையும் அந்தத் தலைப்பின் கீழ் மாற்றி எழுதிக் கணக்கை நேர்செய்தார்கள். தனி வங்கிக் கணக்கு, எடுத்தால் மன்றத் தீர்மானம், ஆண்டுக்கொரு முறை வீட்டு எண்ணோடு வெளியிடும் பட்டியல், இந்த மூன்றும் சட்டத்திலேயே இல்லை என்றால் அந்த வரியை நான் ஆதரிக்க மாட்டேன். இருந்தால் முழு மனதோடு கட்டுவேன்.

மாநகராட்சியே கடன் பத்திரம் வெளியிட்டுப் பொதுமக்களிடமும் வங்கிகளிடமும் பணம் திரட்டலாமே என்றும் சிலர் எழுதுகிறார்கள். சுருக்கமாகச் சொன்னால், பத்திரத்துக்கு வட்டி கட்ட வருமானம் தரும் சொத்து வேண்டும். குடிநீர்த் திட்டத்துக்குக் கட்டணம் வரும், மானிய வீட்டிலிருந்து என்ன வரும்? கடலூர் அளவிலான ஊருக்கு இது இப்போதைக்குப் பொருந்தாது.

பேசப்படாத ஒரு செலவு மட்டும் பாக்கி இருக்கிறது, பராமரிப்பு. அடுக்குமாடி திறந்த அன்று எல்லாரும் வருவார்கள். ஐந்தாம் ஆண்டில் தண்ணீர் மோட்டார் எரிந்தால் யார் மாற்றுவது? வாரியம் 2021-22இல் 'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' என்று ஒரு ஏற்பாடு கொண்டுவந்தது. குடியிருப்போர் சங்கம் வசூலிக்கும் பராமரிப்புத் தொகைக்குச் சமமாக அரசும் போடும். நல்ல யோசனை, ஆனால் கூலிக்குப் போகும் வீடுகளில் மழைக்காலத்தில் வசூல் நின்றுவிடும், வசூல் நின்றால் அரசின் பங்கும் வராது. தண்ணீர்த் தொட்டியும் கழிவுநீர்க் குழாயும் மழைக்காலத்தில்தான் அதிகம் பழுதாகும். கட்டுமானத்துக்கு மூன்று பை இருப்பது போலப் பராமரிப்புக்கு ஒரு நிரந்தரப் பையாவது வேண்டும். அதை மாநகராட்சியே வைத்திருக்கலாம், ஏனென்றால் அந்த வீடுகளிலிருந்தும் அது வரி வாங்குகிறது.

உங்கள் வார்டில் பகுதி சபாக் கூட்டம் நடக்கும்போது போய் உட்காருங்கள். "பட்ஜெட்டில் வீட்டுக்கு எவ்வளவு" என்று கேட்டால் "அது வாரியம் பார்க்குது சார்" என்ற பதில்தான் கிடைக்கும், அதோடு பேச்சு முடிந்துவிடும். வேறு கேள்விகளைக் கேளுங்கள். வார்டில் உள்ள அரசு நிலங்களின் சர்வே எண் பட்டியல் என்ன, அவற்றில் எது வீட்டுக்கு ஒதுக்கத் தகுந்தது? ஆட்சேபணையற்ற புறம்போக்கில், அதாவது பட்டா கொடுக்கத் தடை இல்லாத அரசு நிலத்தில், இருக்கும் எத்தனை குடும்பத்துக்குப் பட்டா நிலுவையில் இருக்கிறது? வேலை உத்தரவு வாங்கி இரண்டு மாதத்துக்கு மேல் தவணை வராத வீடுகள் எத்தனை, எந்த நிலையில் நிற்கின்றன? பயனாளி வீடுகளுக்குக் குடிநீர் வைப்புத்தொகையைத் தவணையாக வாங்க மன்றத்தில் தீர்மானம் கொண்டுவர உறுப்பினர் தயாரா? வாயால் பதில் வரவில்லை என்றால் 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேட்கலாம். மூன்றாவது கேள்வியை மட்டும் முதலில் எழுதுங்கள். அதற்கான பதிவேடு அலுவலகத்தில் இருந்தே ஆக வேண்டும், இல்லை என்று சொல்ல வழியில்லை.